முடியைப் போல அலச வேண்டிய தரைவிரிப்பு

பவானி ஜமக்காளத்தை எப்படித் துவைப்போம்? சோப்புத்தூள் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து அலசி, மொட்டைமாடிச் சுவரில் விரித்துவிடுவோம். அது பருத்தி. நனைந்தால் பருத்தி நூலுக்கு வலிமை கூடும், காரத்தையும் தாங்கும். அண்ணா சாலை ஹோட்டல் வரவேற்பறையிலோ கிண்டி அலுவலகத்தின் போர்டு ரூமிலோ கிடக்கும் கம்பளிக் கார்பெட் அப்படியல்ல. அது ஆட்டின் முடி. நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நனைந்தால் வலிமை குறையும். காரம் பட்டால் மஞ்சளித்து உடையும். சிகைக்காய் தேய்க்கிற தலையில் யாரும் சலவை சோடாவைத் தேய்ப்பதில்லை. கார்பெட்டுக்கும் அந்த நிதானம் வேண்டும்.

நுண்ணோக்கியில் கம்பளி இழை ஓட்டு வீட்டுக் கூரை போலத் தெரியும். செதில் மேல் செதிலாக அடுக்கு, அதன்மேல் மெல்லிய கொழுப்புப் படலம். கொட்டிய காபி உடனே இறங்காமல் சற்று நேரம் முத்து முத்தாக நிற்பது இந்தப் படலத்தால்தான். செதிலுக்கு உள்ளே இருக்கும் புரதமோ ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தைக் குடித்த பிறகும், தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். சென்னையில் பல கார்பெட்டுகள் வீணாவது இந்தக் குணத்தை மறப்பதால்தான்; அதைப் பிறகு பார்ப்போம்.

கார்பெட்டின் ஆயுளை முதலில் தின்பது மணல். அதிலுள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கத்தியின் எஃகையே கீறும். காலணியோடு வரும் மணல் இழைகளின் அடியில் இறங்கி, ஒவ்வொரு மிதிக்கும் ரம்பம் போல அறுக்கிறது. லிஃப்ட் வாசலில் தெரியும் சாம்பல் நிறப் பாதை பல இடங்களில் அழுக்கே அல்ல. கீறல் விழுந்த இழைகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் மங்கல். எவ்வளவு கழுவினாலும் அது போகாது. ஆகவே வாசலுக்கு வெளியே சுரண்டும் மேட், உள்ளே ஈரம் உறிஞ்சும் மேட், இரண்டும் சேர்ந்து 5 மீட்டர் நடையாவது வேண்டும்.

அதையும் தாண்டி வருவதை வேக்யூம்தான் எடுக்க வேண்டும். வெட்டிய இழைக் கார்பெட்டுக்குச் சுழலும் மென்மையான பிரஷ். வளைய இழைக்கு உறிஞ்சல் மட்டும் போதும், பிரஷ் வளையங்களை உருவிவிடும். நடமாட்டம் அதிகமுள்ள பாதைகளில் தினமும் முன்னும் பின்னும் மெதுவாக இரண்டு முறை இழுக்க வேண்டும். பை முழுதும் நிரம்பும்வரை காத்திருந்தால் உறிஞ்சும் விசை குறைந்துபோகும். சோபாவின் அடியும் சுவரோரமும் வாரம் ஒருமுறையாவது வேண்டும்: அந்துப்பூச்சியின் புழு இருட்டில், யாரும் அசைக்காத இடத்தில்தான் கெரட்டினைத் தின்று வளரும். புதுக் கார்பெட் சில வாரம் பஞ்சு பஞ்சாக உதிர்ப்பது இயல்பு. தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் இழையைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும்.

கறைக்கு வருவோம். காபி கொட்டினால் வெள்ளைப் பருத்தித் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இழை சடை பிடிக்கும். பிறகு 1 லிட்டர் குளிர்ந்த நீரில் 5 மி.லி. மென்மையான, காரமில்லாத சோப்புக் கரைசல் கலந்து ஒற்றலாம். வெந்நீர் கூடாது, பாலின் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

சாம்பார் வேறு கதை. மஞ்சள் ஒரு சாயம். கம்பளியை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். தரை துடைக்கும் காரக் கரைசலை அதன்மேல் அடித்தால் மஞ்சள் கறை சட்டென்று செம்பழுப்பாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். பதற வேண்டாம். ஒரு பங்கு வெள்ளை வினிகரில் நான்கு பங்கு நீர் கலந்து ஒற்றினால் மஞ்சளுக்குத் திரும்பிவிடும். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். எனவே எண்ணெயை ஒற்றியபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, அடியிலுள்ள பசைவரை இறங்காதபடி, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். எதை ஊற்றுவதற்கு முன்னும் மறைவான மூலையில் சாயம் போகிறதா என்று பார்ப்பது அவசியம். மிஞ்சும் லேசான மஞ்சள் வெளிச்சம் பட்டு நாளடைவில் மங்கும்.

பிளீச்சிங் பவுடரை மட்டும் நினைத்தும் பார்க்கக் கூடாது. இரண்டு கம்பளி இழையைப் பிளீச் திரவத்தில் போட்டுப் பாருங்கள். கரைந்து காணாமல் போகும். நைலான் என்றால் அப்படியே கிடக்கும். விற்றவர் சொன்னது உண்மையா என்று பார்க்கவும் இது நல்ல சோதனை.

முழுக் கழுவலுக்குப் பிஎச் (அமிலமா காரமா என்று சொல்லும் அளவு; 7 நடுநிலை) 5 முதல் 8 வரையுள்ள கரைசல், 50 டிகிரிக்கு மேற்படாத நீர். போர் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு இழையில் தங்கும், சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாகி அடுத்த மாதத்து அழுக்கை வரவேற்கும். கரைசலைத் தெளித்துப் 10 நிமிடம் விட்டு, நீர் பீய்ச்சி உறிஞ்சும் இயந்திரத்தால் எடுக்கலாம். ஈரமாக ஒருமுறை இழுத்தால், நீர் விடாமல் வெறும் உறிஞ்சலாக மூன்று முறையாவது இழுக்க வேண்டும்.

ஏன் மூன்று? கணக்குப் போடுவோம். சதுர மீட்டருக்கு 1 லிட்டர் நீர் விட்டு 700 மி.லி. திரும்ப எடுத்தால் 300 மி.லி. தங்குகிறது. அடர்த்தியான கார்பெட்டில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ கம்பளி இருக்கும். அதாவது அந்த 300 மி.லி.யை அது வெளியே தெரியாமல் விழுங்கிவிடும். கை வைத்துப் பார்ப்பவர் காய்ந்துவிட்டது என்பார். 200 சதுர மீட்டர் ஹாலில் 60 லிட்டர் நீர் ஒளிந்திருக்கும்.

அப்போது ஜன்னலைத் திறப்பதுதான் சென்னையில் நடக்கும் பெரிய பிழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24, 25 டிகிரியைத் தொடும். ஏசி அறையும் அதே 24 டிகிரியில் இருக்கும். உள்ளே வந்த காற்று மேற்கொண்டு ஈரத்தை வாங்க இடமின்றி, தன் ஈரத்தையே கம்பளியிடம் கொடுக்கும். ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை வாடை. நெய்த கார்பெட்டாக இருந்தால் அடியிலுள்ள சணல் சுருங்கி இணைப்புகள் விரியும். சணலின் பழுப்பு நீரோடு நுனிவரை ஏறிக் கறையாகும். லேசான சிட்ரிக் அமிலக் கரைசலை மூடுபனி போலத் தெளித்து ஒற்றினால் அந்தப் பழுப்பு பெரும்பாலும் இறங்கும். சுருங்கிய சணல் திரும்பாது.

ஆகவே வெள்ளிக்கிழமை மாலை வேலையைத் தொடங்குவதாக இருந்தால், அன்றிரவு சென்ட்ரல் ஏசியை நிறுத்த வேண்டாம் என்று கட்டட நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். கதவு, ஜன்னல் மூடியிருக்க வேண்டும். குளிரூட்டும் நிலையிலேயே ஓட வேண்டும். வெறும் ஃபேனில் விட்டால் ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாயான காயிலில் படிந்த நீரே ஆவியாகி அறைக்குத் திரும்பும். தரையோடு காற்று வீசும் விசிறிகளும், முடிந்தால் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்றும் வையுங்கள். ஈரப்பத மானி 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிலைத்த பிறகு, இழைகளை விலக்கி அடியில் டிஷ்யூ தாளை அழுத்திப் பாருங்கள். தாள் நமுக்காமல் வந்தால் நாற்காலிகளை உள்ளே கொண்டுவரலாம்.