ஏ படிவம் போட்டாச்சு, சி படிவம் எங்கே?

முதுமலைக் காட்டோரத்து ஊர்களில் வன உரிமை என்றாலே பேச்சு நேராகப் பட்டாவுக்குப் போய்விடும். தப்பில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் பட்டாவுக்கான ஏ படிவத்தோடு இன்னும் இரண்டு உண்டு. தேன், கடுக்காய், சீமாறு புல் எடுக்கவும் மாடு மேய்க்கவும் ஊர் சேர்ந்து கேட்பது பி. வழிவழியாகப் புழங்கிய காட்டின் எல்லையைக் கிராம சபையே குறித்து, அதைக் காத்துப் பராமரிக்கும் உரிமையைக் கேட்பது சி. என்னைக் கேட்டால் சட்டத்தின் உயிரே இந்த சி படிவம்தான்.

மாசி, பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும்போது தீயை முதலில் பார்ப்பவர் சுள்ளி பொறுக்கப் போனவராகத்தான் இருப்பார். போய்ச் சொன்னால் தன் மீதே பழி விழும் என்று பயந்தால் வாயைத் திறப்பாரா? நாளைக்கு விரட்டிவிடுவார்களோ என்று இருப்பவர் தேனடையில் பாதியை ஏன் விட்டுவைக்கப் போகிறார்? காடு நம்முடையது என்று எழுத்தில் இருந்தால் கணக்கே வேறு. சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டையும் காட்டுயிரையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. வேட்டைக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் இடமில்லை.

யார் கேட்கலாம்? 13.12.2005க்கு முன்பிருந்தே காட்டை நம்பி அங்கே வாழும் பழங்குடிகள். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன்பே மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களுக்கு இந்தக் கதவு திறக்காது, பாவம். புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊரும் கேட்கலாம். அங்கிருந்து மக்களை இடம் மாற்றுவதென்றால் கிராம சபையின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

மனுவைக் கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். குறைந்தது இரண்டு சான்று வேண்டும். காகிதம் இல்லையே என்று கலங்க வேண்டாம்: ஊர்ப் பெரியவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான், பழைய இடுகாடும் கோயிலும்கூட. அங்கிருந்து மனு உட்கோட்டக் குழுவுக்கு, அப்புறம் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். வீட்டுக்காரர் பெயரில் மட்டும் எழுதிவிடாதீர்கள். தனிநபர் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும். அதை விற்க முடியாது, பிள்ளைகளுக்குச் சேரும்.

மனு தள்ளுபடி என்று வாயால் சொன்னால் நகராதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல் குழுவுக்குப் போக 60 நாள் அவகாசம் இருக்கிறது.