காட்டு நடையும் கட்டுச்சோறும்

சதுரகிரிக்கோ மேகமலைப் பக்கமோ ஏறுகிற கூட்டத்தில் யாராவது ஒருவர் பாதி வழியில் பாறை மேல் உட்கார்ந்துவிடுவார். கால் பின்னுகிறது, கண்ணைக் கட்டுகிறது என்பார். பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவார். "காலையிலே நாலு இட்லி சாப்பிட்டேனே" என்ற புலம்பலும் கூடவே வரும். இத்தனைக்கும் அவர் உடம்பில் எரிபொருளுக்குப் பஞ்சமே கிடையாது. 60 கிலோ எடையுள்ள சாதாரண ஆள் எட்டு, ஒன்பது கிலோ கொழுப்பைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறார். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோகலோரி என்று கணக்குப் போட்டால் 70,000 கிலோகலோரிக்கு மேல் வரும். ஏட்டுக் கணக்குப்படி, மதுரையிலிருந்து பழனிக்கு நடந்தே இரண்டு முறை போய்த் திரும்ப அது போதும்.

அப்புறம் ஏன் பாறை மேல் உட்கார்கிறார்?

முதலில் செலவைப் பார்க்கலாம். அதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். 60 கிலோ ஆள், முதுகில் 10 கிலோ மூட்டை, 1,000 மீட்டர் ஏற்றம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேகமலைக்கு ஏறினால் அவ்வளவு உயரம் தாராளமாக வரும். 70 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டிய வேலை சுமார் 164 கிலோகலோரிதான். ஆனால் தசை ஒரு மோசமான எந்திரம். தின்றதில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும், மீதி முக்கால்வாசி வெப்பமாகப் போய்விடும். ஆகவே ஏற்றத்துக்கு மட்டும் 650 கிலோகலோரி. 15 கிலோமீட்டர் நடைக்கு இன்னொரு 700-க்கு மேல். சும்மா படுத்திருந்தாலும் உடம்பு கேட்கிற 1,500. கூடாரம் போடுவது, விறகு எடுப்பது, தண்ணீர் சுமப்பது எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 3,000 முதல் 3,500 வரை போய்விடும்.

இந்தச் செலவை உடம்பு இரண்டு இடத்திலிருந்து எடுக்கிறது. ஒன்று, மேலே சொன்ன கொழுப்பு. இன்னொன்று கிளைகோஜன், அதாவது தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து. தசையில் ஏறக்குறைய 400 கிராம், ஈரலில் 100 கிராம். இரண்டும் சேர்ந்து 2,000 கிலோகலோரிதான். இதற்கு மேல் சேர்த்து வைக்க உடம்புக்குக் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்வதால், எடை ஏறிவிடும்.

கொழுப்பு என்பது குதிரில் கிடக்கும் நெல். நிறைய இருக்கிறது, ஆனால் குத்திப் புடைத்துத்தான் உலையில் போட முடியும். கிளைகோஜன் பானையில் கழுவி வைத்த அரிசி. நிதானமாக நடக்கிற வரை குத்துகிற வேகமும் தின்கிற வேகமும் ஒத்துப்போகும். செங்குத்தாக ஏறும்போது, மூச்சு வாங்கும்போது, தசை கேட்கிற வேகத்துக்குக் கொழுப்பு ஈடுகொடுக்காது. கொழுப்பை எரிக்கக் கூடுதல் ஆக்சிஜனும் வேண்டும். அதே ஒரு லிட்டர் ஆக்சிஜனில் மாவுச்சத்து 5 கிலோகலோரி தருமென்றால் கொழுப்பு 4.7 தான் தரும். அதனால் வேகம் கூடக் கூட உடம்பு கிளைகோஜன் பக்கம் சாய்கிறது. முன்னால் போகிறவரோடு பேசிக்கொண்டே ஏற முடிந்தால் கொழுப்புக்கு இன்னும் நல்ல பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் கிளைகோஜன் கரைகிறது என்று அர்த்தம். கிளம்பிய முதல் ஒரு மணி நேரத்தில் ஓடி ஏறுகிற இளவட்டங்கள் பிற்பகலில் படுவது இந்தக் கணக்கில்தான்.

மூளைக்கு வேறு ஒரு சிக்கல். அது கொழுப்பை நேரடியாகத் தின்னாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் அதற்கு வேண்டும், அதை ரத்தத்துக்கு விட்டுக்கொடுப்பது ஈரலில் இருக்கும் அந்த 100 கிராம். இரவு தூக்கத்திலேயே அதில் கணிசமான பகுதி போய்விடுகிறது. வெறும் வயிற்றோடு ஏறத் தொடங்கினால் ரத்தச் சர்க்கரை இறங்கி, முதலில் தடுமாறுவது மூளைதான். எரிச்சல், கிறுகிறுப்பு, ஒற்றையடிப் பாதையில் தவறான கிளை எடுப்பது எல்லாம் அதிலிருந்து வருபவை. காட்டில் கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து.

முன்பெல்லாம் நாள்கணக்கில் காட்டுக்குள் நடந்தவர்கள் வேட்டைக்காரர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது குற்றம். இன்று நாள்கணக்கில் காட்டுக்குள் நடப்பவர்கள் வேட்டையைத் தடுக்கப் போகிறவர்கள். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், வட அமெரிக்க மலைகளில் வாரக்கணக்கில் மான் தேடித் திரியும் வேட்டைக்காரர்களுக்கும் உடம்பு ஒரே உடம்புதான், கேள்வியும் ஒன்றுதான்: மூன்று நாளைக்கு எதைச் சுமப்பது?

சோற்றைச் சுமக்க முடியாது. வெந்த சோறு 100 கிராமில் 130 கிலோகலோரிதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஒரு நாள் தேவையைச் சோறாகவே கொண்டுபோனால் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். பொடி தடவிய இட்லி முதல் நாள் மதியத்துக்கு அருமை, எனக்கு அதைவிட நல்ல வழிச் சாப்பாடு தெரியாது. ஆனால் மூன்று நாளைக்கு இட்லி சுமப்பது குளத்தைச் சுமப்பதற்குச் சமம். புளியோதரையாவது புளியின் அமிலத்தாலும் எண்ணெயாலும் இரண்டாம் நாள் வரை தாக்குப்பிடிக்கும்.

காய்ந்த பொருள்களின் கணக்கு வேறு. அவல், பொரிகடலை, வெல்லம் ஆகியவை 100 கிராமுக்கு 350 முதல் 380. நிலக்கடலையும் எள்ளும் 570-ஐ ஒட்டி. நல்லெண்ணெய் 880-க்கு மேல். கடலைமிட்டாய் சுமார் 500. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சுவைக்காகப் பாராட்டினார்கள். சுமக்கிறவனைக் கேட்டால் எடைக்காகப் பாராட்டுவான். பல்லை உடைக்கிற பொருள்விளங்கா உருண்டையும் இதே சாதி. வறுத்த அரிசி மாவு, பயற்றம்பருப்பு, வெல்லப்பாகு, சுக்கு. ஈரமே இல்லாததால் பூசணம் பிடிக்காது, வாரக்கணக்கில் கெடாது. கோடைக்காட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பற்றவைக்காமல் தின்னக்கூடிய பண்டத்துக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

பழனிப் பஞ்சாமிர்தத்தை இங்கே விட்டுவிட மனமில்லை. மலைவாழை, வெல்லம், தேன், பேரீச்சை, கற்கண்டு, நெய். தண்ணீர் சேர்ப்பதில்லை. சர்க்கரை அடர்த்தியில் கிருமி வளர முடியாது. இன்று மாரத்தான் ஓடுகிறவர்கள் சின்ன உறையில் வாங்கி உறிஞ்சும் ஜெல்லில் குளுக்கோஸையும் ஃபிரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரையையும் கலப்பதற்கு ஒரு காரணம் உண்டு. குடல் சுவரில் குளுக்கோஸைக் கடத்தும் புரதம் மணிக்கு 60 கிராமோடு திணறிவிடும். ஃபிரக்டோஸுக்குத் தனிக் கடத்தி இருப்பதால், இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை உள்ளே போகும். வெல்லமும் தேனும் வாழைப்பழமும் அந்தக் கலவையை இயல்பாகவே தருகின்றன.

வேட்டைக்காரர்களிடம் கற்க ஒரு விஷயம் இருக்கிறது, அது கறியைப் பற்றியது. கொழுப்பில்லாத கறியை மட்டுமே தின்று பிழைக்கப் பார்த்தவர்கள், வயிறு நிறைய நிறையத் தின்றும் வயிற்றுப்போக்கும் தலைவலியுமாகச் சோர்ந்து விழுந்திருக்கிறார்கள். குளிர்காலத்து முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் முயல் பட்டினி என்று அதற்குப் பெயர். புரதத்தை எரிபொருளாக்கும்போது கழியும் நைட்ரஜனை ஈரல் யூரியாவாக மாற்ற வேண்டும், அந்த வேலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நாளின் மொத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதத்திலிருந்து எடுப்பது உடம்புக்கு ஒத்துவராது. வட அமெரிக்கப் பழங்குடிகள் காய்ந்த கறியை இடித்து, அதே அளவு உருக்கிய கொழுப்போடு பிசைந்து பெம்மிகன் செய்தது இதைத் தெரிந்துதான். நம் ஊர் உப்புக்கண்டத்தையும் எண்ணெயில் பொரித்து, சோற்றோடுதானே தின்கிறோம்? சிறுமலையிலும் பழனி மலையிலும் வாழும் பளியர்கள் காட்டில் தேடுவதும் கறியை மட்டுமல்ல. வள்ளிக்கிழங்கும் தேனும் அவர்களுடைய பழைய உணவு, இரண்டுமே மாவுச்சத்தும் சர்க்கரையும்.

சரி, எப்போது தின்பது? பசித்தபின் என்றால் காலம் கடந்துவிடும். கடுமையாக நடக்கும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் குறைகிறது. வெயிலும் பசியை அடக்கும். குடலுக்குப் போக வேண்டிய ரத்தம் காலுக்குத் திரும்பிவிடுவதால் நடுவழியில் முழுச் சாப்பாடு கல்லாக உட்காரும். சித்திரையில் அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் அழகரோடு நடந்து வருகிறவர்கள் மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று பானகமும் சுண்டலும் வாங்கிக்கொள்வதுதான் சரியான முறை. முதல் ஒரு மணி நேரம் முடிவதற்குள் தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் ஈரல் இருப்பு காலியாகாது. இரண்டு பிடி அவல், ஒரு வெல்லக்கட்டி, கொஞ்சம் பொரிகடலை என்றால் அந்தக் கணக்கு வந்துவிடும். கடலையை அளவோடு தின்பது நல்லது, கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நடக்கும் தசை இன்சுலின் உதவியில்லாமலேயே ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால், மருந்தும் நடையும் சேர்ந்து சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடலாம்.

தண்ணீரில் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை சோடியம் போகிறது, உப்பாகச் சொன்னால் கால் டீஸ்பூனிலிருந்து முக்கால் டீஸ்பூன் வரை. அதை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், தலைவலி, குழப்பம் வரும். பார்ப்பதற்கு நீர்ச்சத்துக் குறைவு போலவே இருப்பதால், கூட வந்தவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்குவார்கள். குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே கடத்தியில் கைகோத்துத்தான் உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னாலேயே வருகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இப்படித்தான். பானகத்தில் ஒரு சிட்டிகை உப்பு போடுகிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல நியாயம் வேண்டாம்.

அடுப்பு மூட்டலாம் என்கிற இடமாக இருந்தால் இருட்டியதும் சோறு. நடை முடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் தசை குளுக்கோஸை வேகமாக உறிஞ்சும், அதற்குப் பிறகு வேகம் குறையும். காலியான கிளைகோஜன் முழுதாக நிரம்ப ஒரு நாள் ஆகும் என்பதால், முகாமுக்கு வந்ததும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று படுத்துவிடுகிறவர் மறுநாள் அரைப்பானையோடுதான் கிளம்புவார். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் பொங்கி, மேலே இரண்டு கரண்டி நல்லெண்ணெய். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவான லைசினைப் பருப்பு தரும், பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி தரும், எண்ணெய் எடையில்லாமல் கலோரியை ஏற்றும்.

மூன்றாம் நாள் இனிப்பைக் கண்டாலே குமட்டும். ஒரே சுவை திரும்பத் திரும்ப வந்தால் மூளை அந்தச் சுவையின் மேல் மட்டும் ஆசையைக் குறைத்துவிடும், வயிறு காலியாக இருந்தாலும் கை நீளாது. மூட்டையில் கலோரி இருந்தும் பட்டினி கிடப்பது இப்படித்தான். நாரத்தங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், காரப்பொரி, பூண்டுப் பொடி என்று புளிப்பும் காரமும் கொஞ்சம் எடுத்துவைத்தால் மறுபடியும் வாய் கேட்கும். ஊறுகாயில் இருக்கும் உப்பு வியர்வைக் கணக்கிலும் சேர்ந்துகொள்ளும்.