ஊரணிக் கணக்கு நமக்குச் சொந்தம்: கேட்டு வாங்கவும் வரைபடமாக்கவும் வழி

மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் பதிவானது, கண்மாயின் கொள்ளளவு எவ்வளவு, ஊரணியைத் தூர்வார எவ்வளவு செலவானது என்பதெல்லாம் அலுவலகத்து ரகசியம் அல்ல. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 இவற்றைக் கேட்டு வாங்கும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. யாரும் கேட்பதற்கு முன்பே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றைப் பிரிவு 4 சொல்கிறது. கணினியில் இருக்கும் தகவலை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமை பிரிவு 2(ஜே)-இல் இருக்கிறது. பலருக்கும் தெரியாத உரிமை இது. தெரியாததால் அச்சிட்ட தாள்களை வாங்கி, எண் எண்ணாக மறுபடி தட்டச்சு செய்கிறார்கள்.

மனு போடுமுன் இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்துவிடுங்கள். மத்திய அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.இன் 2012-இல் தொடங்கியது. அங்கு திறந்த உரிமத்தில் உள்ள தரவை, எடுத்த இடத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம். நிலத்தடி நீர்மட்டத்துக்கு இந்தியா-விரிஸ் தளம் உண்டு. ஊரணி எந்தச் சர்வே எண்ணில், எத்தனை ஹெக்டேரில் இருக்கிறது என்பதைத் தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் அ-பதிவேடு (நில விவரப் பதிவேடு) காட்டும்.

செட்டிநாட்டு ஊர்களுக்குத் தேடும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மாவட்டப் பட்டியலில் செட்டிநாடு என்று ஒரு பெயர் கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டங்கள் சிவகங்கை மாவட்டத்தில். ராயவரமும் கோனாபட்டும் அடங்கிய திருமயம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல். அதற்கு முந்தைய கணக்கு ராமநாதபுரத்தின் பெயரில் இருக்கும். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974-இல். ஆகவே மாவட்ட அளவில் எடுக்காமல் வட்ட வாரியாக, மழைமானி நிலைய வாரியாக எடுங்கள்.

தளத்தில் இல்லாததற்கு மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. யாருக்கு எழுதுவது? 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். அலுவலகம் மாறிப் போனாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பவேண்டியது அவர்கள் பொறுப்பு, பிரிவு 6(3).

மனுவின் வாசகத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். “ஏன் தூர்வாரவில்லை?” என்று கேட்டால் பதில் வராது, சட்டம் பதிவேட்டில் இருப்பதைத்தான் கொடுக்கச் சொல்கிறது. இப்படிக் கேளுங்கள்: “2015 ஜூன் முதல் 2025 மே வரை, இன்ன மழைமானி நிலையத்தில் பதிவான தினசரி மழை அளவு, மில்லிமீட்டரில், எக்செல் கோப்பாக.” காலம், இடம், அலகு, வடிவம் நான்கும் இருக்க வேண்டும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கெடு தாண்டிக் கொடுக்கும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது, பிரிவு 7(6).

கோப்பு கைக்கு வந்ததும் படம் வரைய அவசரப்படாதீர்கள். முதலில் சுத்தம் செய்யுங்கள். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த ஊர்ப் பெயர்கள் குழம்பித் தெரியும், யூனிகோடுக்கு மாற்றுங்கள். காலிக் கட்டத்தில் சுழியம் போடவே கூடாது. மழை பெய்யாத நாள் வேறு, அளவெடுக்காத நாள் வேறு. மழை காலை 8.30-க்கு அளக்கப்படுவதால், ஐப்பசி இரவில் கொட்டிய மழை மறுநாள் தேதியில்தான் இருக்கும். ஆண்டுக் கணக்கும் சிக்கலானது: வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும் (பசலி 1434 என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை), செலவுக் கணக்கு ஏப்ரலில் தொடங்கும். இரண்டையும் ஒரே படத்தில் போடுவதானால் மாத வாரியாகப் பிரித்துவிட்டுச் சேருங்கள்.

அலகும் ஏமாற்றும். கண்மாய்க் கொள்ளளவு மில்லியன் கன அடியில் வரும். ஒரு மில்லியன் கன அடி ஏறக்குறைய 2.83 கோடி லிட்டர். ஒரு ஹெக்டேர் ஊரணியின் பரப்பில் நேராக விழும் 10 மில்லிமீட்டர் மழை 1 லட்சம் லிட்டர். கிராம சபையில் பேச லிட்டர்தான் எளிது.

படத்துக்கு லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், இலவசம். மழைக்குப் பட்டை, அச்சு சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும், இல்லையென்றால் சின்ன வித்தியாசம் பூதாகரமாகத் தெரியும். நிலத்தடி நீருக்குக் கோடு. அங்கே எண் என்பது தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே தண்ணீர் இருக்கிறது என்பது. எண் கூடினால் நீர் இறங்கியிருக்கிறது. ஆகவே செங்குத்து அச்சைத் தலைகீழாக்குங்கள். அப்படிச் செய்யாத படத்தைப் பார்ப்பவர்கள், வறட்சி ஆண்டில் நீர்மட்டம் ஏறியதாக நினைத்துக்கொள்வார்கள். சராசரி மழைக் கோட்டையும் போடுங்கள். சராசரியில் 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறைக் கணக்கில் அது இயல்பான மழைதான். அதைப் பஞ்சம் என்று தலைப்பிட்டால் உங்கள் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள்.

ஏ3 தாளில், கறுப்பு வெள்ளையிலும் புரியும்படி, ஒவ்வொரு பட்டையின் தலையிலும் எண் எழுதி அச்செடுங்கள். அடியில் தரவு எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று இருக்கட்டும்.

இதை வைக்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். இவற்றில் மார்ச் 22 உலக தண்ணீர் நாள். ஊரணி, கண்மாய் பேச அதுவே தோதான நாள். படத்தோடு கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது. அங்கே செயல் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், பகுதி சபை கூடும்போது அதே படத்தை அங்கும் வையுங்கள்.