‘மிளகாய்ப் பாலாடைக்கட்டி வறுவல்’ என்று ஒரு பண்டம் கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை கோபியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் படிக்கும் அக்கா மகள், கைபேசியில் ஒரு தமிழ்ச் சமையல் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்படியை ஆண்டுகொண்டிருந்தாள். குறிப்பின் தலைப்பு ‘ஏற்றப்பட்ட மிளகாய்ப் பாலாடைக்கட்டி வறுவல்’. வறுவல் என்று காதில் விழுந்ததும் அம்மா, “கடுகு எடுத்து வைக்கட்டுமா?” என்று கேட்டார். கடைசியில் தட்டில் வந்தது இதுதான்: நீளநீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் அரிந்து தூவிய பத்துப் பச்சை மிளகாய், அதன்மேல் துருவிய சீஸ். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு மோர்ச் சொம்பைத் தேடினார்.

பிள்ளையின் மேல் தவறில்லை. மிளகாய் என்று எழுதியிருந்தது, மிளகாயைப் போட்டாள். இதே சொற்றொடரை ஈரோட்டில் ஒரு பேக்கரிப் பலகையிலும் பார்த்திருக்கிறேன், உணவு கொண்டுவந்து கொடுக்கும் ஒரு செயலியிலும் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் சிரித்துவிட்டு நகர்ந்தேன். மூன்றாம் முறை வயிற்றுக்குள்ளேயே வந்துவிட்டதால் எழுத வேண்டியதாயிற்று.

மூலப்பெயர் லோடட் சில்லி சீஸ் ஃப்ரைஸ். இதில் முதலில் குழம்பியது ‘சில்லி’. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் மிளகாய்க்குச் ‘சில்லி’ என்று பெயர். ஸ்பானியர்கள் அதைச் ‘சிலே’ ஆக்கினார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபின் பொருள் இரண்டாகக் கிளைத்தது. ஒன்று மிளகாய். மற்றொன்று ‘சிலே கான் கார்னே’ என்ற ஸ்பானியத் தொடரின் சுருக்கம். கார்னே என்றால் இறைச்சி, ஆக முழுப்பொருள் ‘இறைச்சி சேர்ந்த மிளகாய்’. இது டெக்சாஸில் பேர் பெற்ற கறிக்குழம்பு. சான் அந்தோனியோ நகரத்துச் சதுக்கங்களில் ‘சில்லி ராணிகள்’ என்று அழைக்கப்பட்ட பெண்கள் மாலை நேரங்களில் அடுப்பு மூட்டி விற்றார்கள். 1977இல் டெக்சாஸ் அதைத் தன் மாநில உணவாகவே அறிவித்தது. அதில் பீன்ஸ், அதாவது ராஜ்மா போன்ற பயறு, சேர்க்கலாமா கூடாதா என்று அங்கே இன்னும் சண்டை நடக்கிறது. அசல் டெக்சாஸ்காரர்கள் கூடாது என்பார்கள். ஃப்ரைஸின் தலையில் விழுவது இந்தக் குழம்புதான், மிளகாய் அல்ல.

இதற்குத் தமிழில் சொல் தேட அகராதியைப் புரட்டவே வேண்டியதில்லை. கொங்குநாட்டில் ‘கறி எடுத்து வா’ என்றால் யாரும் கத்தரிக்காய் வாங்கி வரமாட்டார்கள். கறி என்றால் இறைச்சி. பொடியாகக் கொத்தியது கொத்துக்கறி. வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய், தக்காளி போட்டு அந்தக் கொத்துக்கறியைக் கெட்டியாகச் சுண்ட வைத்தால் அதுதான் சில்லி. அங்கே மாட்டிறைச்சி, இங்கே ஆட்டுக்கறியோ கோழியோ. கொத்துக்கறி என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மொழிபெயர்த்தவர் மிளகாயைப் பிடித்துக்கொண்டார்.

சில்லி என்றே விட்டுவிடலாமே என்பார்கள். இங்கே முடியாது. கோவையிலிருந்து கரூர் வரை எந்தத் தள்ளுவண்டியில் போய்ச் ‘சில்லி நூறு கிராம்’ என்றாலும் செக்கச் செவேல் என்று பொரித்த கோழித்துண்டுகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். பலகையில் ‘சில்லி சீஸ்’ என்று பார்ப்பவருக்கு அந்தக் கோழிதான் நினைவுக்கு வரும்.

அடுத்தது வறுவல். இங்கேதான் எனக்கும் ராசிபுரத்தில் தமிழாசிரியராக இருக்கும் நண்பருக்கும் தகராறு. ‘ஃப்ரைஸ்’ என்பதற்குக் ‘குச்சி வறுவல்’ என்ற ஆக்கத்தை அவர் பல மாதங்களாகப் பரப்பி வருகிறார். தன் வகுப்பிலும் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஃப்ரை என்ற சொல்லின் கதை சின்னது. இலத்தீனில் தொடங்கிப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சிக்கல் நம் வினைச்சொற்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே ஃப்ரை, நமக்கோ வறுத்தல் வேறு, பொரித்தல் வேறு, வதக்கல் வேறு. நிலக்கடலையை மணலில் வறுக்கிறோம், ரவையை வெறும் வாணலியில் வறுக்கிறோம். எண்ணெய் விட்டுக் கறியை வறுத்தாலும் புரட்டிப் புரட்டிச் சுருள வைப்பதுதான் அங்கே நடக்கிறது. பொரிப்பது என்றால் காய்ந்த எண்ணெயில் முங்கி எழ வேண்டும்: அப்பளம், வடகம், மீன். ஃப்ரைஸ் முங்கி எழுந்தது.

நேந்திரங்காய் வறுவலும் முங்கித்தானே எழுகிறது என்று நண்பர் மடக்கினார். உண்மைதான், வழக்கு அப்படி நிலைத்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் உருளைக்கிழங்கு வறுவல் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு பண்டம் வீட்டுக்கு வீடு தயிர்ச் சோற்றுக்குத் துணையாக இருக்கிறது. அதனால்தான் அம்மா கடுகைத் தேடினார். இருக்கிற ஆளின் பெயரைப் புதிதாக வந்தவருக்கும் வைத்தால் தபால்காரர் என்ன செய்வார்?

அந்தக் குச்சி இன்னும் மோசம். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்தில் மரவள்ளிக்குப் பெயரே குச்சிக்கிழங்கு. சேலத்தைச் சுற்றியுள்ள ஜவ்வரிசி ஆலைகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதைச் சீவிப் பொரித்த சிப்ஸ் பஸ் நிலையக் கடைகளில் கிடைக்கிறது. ‘குச்சி வறுவல்’ என்று இந்த ஊரில் சொன்னால் கடைக்காரர் கை அந்தப் பொட்டலத்துக்குத்தான் போகும். அதே வட்டாரத்து ராசிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நண்பர் இதை எப்படி மறந்தார் என்று நான் வியப்போடுதான் பார்க்கிறேன். இதைச் சொன்னதும் அவர் ‘உருளைப் பொரிப்பு’ என்று மாற்றினார். பொரிப்பு என்றால் நாமக்கல்லிலும் பல்லடத்திலும் முட்டையிலிருந்து குஞ்சு வருவது. ‘பொரியல்’ இலையின் ஓரத்தில் தேங்காய்ப்பூவோடு எப்போதோ உட்கார்ந்துவிட்டது.

புதுப் பெயரே தேவையில்லை என்பது என் கட்சி. பொரித்த மீன், பொரித்த கோழி என்கிறோமே, அதேபோல் பொரித்த உருளை. எண்ணெயில் முங்கியது என்பதும் தெரிகிறது, கிழங்கு எது என்பதும் தெரிகிறது.

பாலாடைக்கட்டியைப் பற்றி அதிகம் பேசினால் இரத்தக் கொதிப்பு ஏறும். பாலாடை என்பது காய்ச்சிய பாலின்மேல் படியும் ஏடு. கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குக் கிண்ணத்துக்கும் அதுவே பெயர். சீஸ் இந்த இரண்டிலிருந்தும் வருவதில்லை. பாலைத் திரைய வைத்து, நீரை வடித்து, உப்பிட்டு அழுத்தி, பல வகைகளை மாதக்கணக்கில் முதிரவும் வைக்கிறார்கள். ஏட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ‘பாற்கட்டி’ கொஞ்சம் தேவலாம், ஆனால் பனீருக்கும் அது பொருந்தும். பெட்டிக்கடைவரை வந்துவிட்ட சீஸ், சீஸாகவே இருக்கட்டும்.

என்னைத் தனித்தமிழின் பகைவன் என்று நண்பர் முடிவுகட்டிவிட்டார். நல்ல ஆக்கத்தைக் கண்டால் நான்தான் முதலில் கைதட்டுவேன். மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவைதாம். ஒன்று மிளகைப் போல் காரமான காய், அதனால் மிளகாய். மற்றொன்று உருண்டிருக்கும் கிழங்கு. பெயர் வைத்தவர் வாயில் போட்டுப் பார்த்து, கையில் உருட்டிப் பார்த்து வைத்திருக்கிறார். இன்றைய மொழிபெயர்ப்பாளர் பண்டத்தைப் பார்ப்பதே இல்லை, ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை அடுக்குகிறார். ‘ஏற்றப்பட்ட’ அப்படி வந்ததுதான். நாமக்கல்லில் லோடு ஏற்றுவது லாரியில். இங்கே நடப்பது கொட்டுவது, குவிப்பது.

இந்த அடுக்கல் பெயரோடு நிற்பதில்லை, அளவுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. அமெரிக்கக் குறிப்புகளில் ‘சில்லி பவுடர்’ இரண்டு மேசைக்கரண்டி என்று இருக்கும். அது மிளகாயோடு சீரகம், பூண்டு, ஓரிகானோ கலந்த மசாலாப் பொடி, காரம் குறைவு. அதை மிளகாய்த்தூள் என்று பெயர்த்து அதே அளவை எழுதினால், நம் வீட்டுத் தூளைப் போடுகிறவர் கண்ணீர் விடுவார். ஒரு தேக்கரண்டித் தூளும் ஒரு தேக்கரண்டிச் சீரகப்பொடியும் கால் கிலோ கொத்துக்கறிக்குப் போதும்.

அக்கா மகளுக்கு அன்றே சரியான செய்முறையை எழுதிக் கொடுத்தேன். மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் நீலகிரிக் கிழங்கு கிடைத்தால் நல்லது. விரல் கனத்துக்கு வெட்டி, அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைக் கழுவ வேண்டும். துணியில் ஒற்றி ஈரத்தை எடுக்காவிட்டால் எண்ணெய் மேலே தெறிக்கும். முதலில் 160 டிகிரிச் சூட்டில் நிறம் மாறாமல் ஐந்து நிமிடம் வேகவிட்டு எடுத்து ஆறவைத்து, பிறகு 190 டிகிரியில் பொன்னிறமாகும்வரை மறுபடி பொரிக்க வேண்டும். ஒரே முறையில் முடித்தால், கறியைக் கொட்டிய இரண்டாவது நிமிடமே கிழங்கு தொளதொளத்துவிடும். கொத்துக்கறியும் கரண்டியில் நிற்கும் பதத்துக்குச் சுண்டியிருக்க வேண்டும். விருப்பப்பட்டால் வேகவைத்த ராஜ்மா சேர்க்கலாம். மேலே சீஸைத் துருவிக் குவித்து, சிறு தீயில் ஒரு நிமிடம் மூடி வைத்தால் உருகிவிடும்.

இந்த ஞாயிறு மறுபடி செய்தாள். தட்டை நடுவில் வைத்துவிட்டு, “மாமா, கொத்துக்கறி சீஸ் உருளை” என்றாள். பொரித்த என்பதையும் விட்டுவிட்டாள், எனக்கு மறுப்பில்லை. கொங்குநாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே தங்கியிராத அம்மா, ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் ராஜ்மாவைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். “கறியில் யாராவது பயறு போடுவார்களா?”