காயும் எண்ணெய், காயாத எண்ணெய்

கிரிக்கெட் மட்டைக்குத் தடவுகிற லின்சீட் ஆயிலைத்தான் அந்தக் காலத்து ராணுவத் துப்பாக்கிகளின் மரக்கட்டைக்கும் தடவினார்களாமே, மழையிலும் சேற்றிலும் கிடக்கிற துப்பாக்கிக்கு வெறும் எண்ணெய் எப்படிப் போதும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தடவியது உண்மைதான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் சுமந்த லீ என்ஃபீல்டு ரைஃபிளின் அக்ரூட் கட்டைக்குப் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய்தான், அதாவது அதே லின்சீட் ஆயில்தான், பூச்சு. நம்மூர்க் காவலர்கள் நெடுநாள் தோளில் மாட்டியிருந்த .303-ம் அதே குடும்பம்.

மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்குவாக்கில் உப்பும். கதவென்றால் இழைப்புளி போட்டுச் சரிசெய்துவிடலாம். துப்பாக்கிக் கட்டை உப்பிக் குழலை ஒரு பக்கமாக அழுத்தினால் குறி தப்பும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். தேங்காய் எண்ணெயைப் பலகையில் தடவி ஒரு மாதம் விட்டாலும் பிசுபிசுப்பு போகாது, தூசிதான் ஒட்டும். ஆளிவிதை எண்ணெயோ சில நாட்களில் கெட்டிப் படலமாகிவிடும். காய்ந்துவிட்டது என்கிறோம். ஆனால் ஈரத்துணி காய்வதுபோல் அல்ல இது. எடை போட்டுப் பார்த்தால் முன்பைவிடக் கூடியிருக்கும்! காற்றிலிருந்து ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொண்டதால் கூடிய எடை அது.

எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இதுதான். ஆளிவிதை எண்ணெயில் ஏறக்குறைய பாதி லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதன் 18 கார்பன் சங்கிலியில் 3 இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன, தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பே அபூர்வம். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பனில் ஹைட்ரஜனின் பிடி ரொம்பத் தளர்வு. அது கழன்றதும் அந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து உட்கார்கிறது, உட்கார்ந்தது சும்மா இராமல் பக்கத்துச் சங்கிலியின் ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது, பறிகொடுத்த சங்கிலிக்கு இன்னோர் ஆக்சிஜன் வருகிறது, இப்படியே போய்ப் போய், சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து கடைசியில் தனி மூலக்கூறு என்று சொல்ல முடியாதபடி ஒரே வலையாகிவிடுகின்றன. மரத்தின் நுண்குழாய்களுக்குள் ஊறிய எண்ணெய் அங்கேயே வலையாவதால் வார்னிஷ் மாதிரி செதில் செதிலாக உரியாது. பெயிண்ட் கடையில் 'டபுள் பாயில்டு' என்று கேட்டு வாங்குவதில் பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீசு உப்புகள் சேர்ந்திருக்கும். இந்தத் தொடர் வினையை வேகப்படுத்துவது அவற்றின் வேலை.

இதில் வெப்பமும் வெளிவரும். கட்டையின் மேல் பரவியிருந்தால் காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு வினையை வேகப்படுத்த, வினை சூட்டை ஏற்ற, சில மணி நேரத்தில் தானாகத் தீப்பற்றும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்றின் 22-ம் மாடியில் விட்டுச்சென்ற லின்சீட் துணிகளில் பற்றிய நெருப்பில் தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். துணியைத் தண்ணீர் நிரம்பிய டப்பாவில் போடுங்கள், அல்லது வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள். தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்.

உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தால்தான் எண்ணெய் மரத்துக்குள் இறங்கும், எண்ணெய் மரத்துக்கு உணவு என்றெல்லாம் பழைய கைவினைஞர்கள் சொல்வதுண்டு. வெட்டின மரத்துக்கு உணவு எதற்கு? ஆனால் தேய்த்த கை தப்புச் செய்யவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு மெல்லியதாகிறது, அடிவரை ஆக்சிஜன் போகிறது. தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டி அடியில் கொழகொழவென்றே கிடக்கும்.

அப்புறம் வாசகர் கேட்ட முக்கியமான கேள்வி: ஈரத்தைத் தடுக்குமா? மழைத்துளியைக் கொஞ்ச நேரம் தடுக்கும். காற்றிலுள்ள நீராவியை அநேகமாகத் தடுக்காது. அமெரிக்காவின் மேடிசன் நகரில் மரத்துக்காகவே அரசு நடத்தும் ஆய்வகம் பல பூச்சுகளை ஈரக்காற்றில் வாரக்கணக்கில் வைத்து எடைபோட்டுப் பார்த்தது. ஆளிவிதை எண்ணெய் கடைசி வரிசைக்குப் போனது. உருக்கிய பாரஃபின் மெழுகும் இரண்டு பாகம் கலந்து பூசும் எபாக்சி என்ற செயற்கைப் பிசினும் முன்னால் நின்றன. பூச்சு காய்வதை உட்கார்ந்து பார்க்கவா அரசுப் பணம் என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், எனக்கோ இந்த மாதிரிப் பொறுமையான வேலைக்குத்தான் முதலில் நிதி ஒதுக்கவேண்டும் என்று தோன்றும். எந்தக் கம்பெனி தன் டப்பாவின் மேல் 'நீராவியைத் தடுக்காது' என்று அச்சடிக்கப்போகிறது?

பிறகு ஏன் ராணுவங்கள் எண்ணெயை விடவில்லை? கீறல் விழுந்தால் சிப்பாயே இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். எபாக்சி கீறினால் அது முடியாது. சீனாவின் துங் எண்ணெய் இன்னும் கெட்டியாகக் காயும், தண்ணீருக்கும் கூடுதலாகத் தாங்கும், ஆனால் நீராவி விஷயத்தில் அதுவும் எண்ணெய்தான். அதனால் இன்று கட்டை வேலை தெரிந்தவர்கள் வெளியே அழகுக்கு எண்ணெய் தேய்த்தாலும், குழல் உட்காரும் பள்ளத்துக்கும், தோளில் படும் தகட்டைக் கழற்றினால் தெரிகிற வெட்டுமுகத்துக்கும் எபாக்சி பூசிவிடுகிறார்கள். மரத்தின் குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்பது அந்த வெட்டுமுகத்தில்தான். வைக்கோல் கட்டை நிமிர்த்தித் தண்ணீரில் வைத்ததுபோல ஈரம் நேராக ஏறும், அந்த இடத்தில் பூச்சைக் கஞ்சத்தனம் இல்லாமல் மூன்று முறை போடலாம்.