“சும்மா கிண்டல்தானே” என்பதற்கு முன்

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. “சும்மா கிண்டல்தான் பண்ணாங்க” என்ற பேச்சை அங்கே அடிக்கடி கேட்கிறேன். பிள்ளைகளும் சொல்வார்கள், பெரியவர்களும் சொல்வார்கள்.

திக்கித் திக்கிப் பேசும் ஒரு பையன் வந்திருந்தான். வகுப்பில் அவனுக்குச் சொல் சிக்கும்போதெல்லாம், “என்னடா, டவர் கிடைக்கலையா?” என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வருமாம். வகுப்பே சிரிக்குமாம். “நீ என்ன செய்வே?” என்றேன். “நானும் சிரிச்சிருவேன்” என்றான். அதைச் சொல்லும்போதும் முகத்தில் சிரிப்பு இருந்தது. விரல்கள் மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன. “அவனே சிரிக்கிறானே, அதனால பெரிசா எடுத்துக்கலை” என்றார் அப்பா.

சொற்களைக் கொஞ்சம் பார்ப்போம். கேலி வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு விளையாட்டு என்று பொருள். விளையாட்டு என்றால் பந்து இரண்டு பக்கமும் போய் வர வேண்டும். கிண்டல் அப்படியல்ல. கோழி குப்பையைக் கிண்டுகிறதே, அந்தக் கிண்டுதல்தான் இது. ஒருவர் கிண்டுவார், இன்னொருவர் கிண்டப்படுவார். ஆங்கிலத்தின் சர்காஸம் இன்னும் கொடிது: அதன் கிரேக்க மூலத்துக்குச் சதையைக் கிழிப்பது என்று பொருள்.

சிலேடை வேறு சங்கதி. தழுவல் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. ஒரே சொல்லை இரண்டு பொருள் தழுவி நிற்கும். பாம்பையும் வாழைப்பழத்தையும் காளமேகம் ஒரே வெண்பாவில் பாடியது அப்படித்தான். அங்கே சிரிப்பு சொல்லுக்காக வருகிறது, யாருக்கும் வலிப்பதில்லை.

எனக்கு மிகவும் உதவியது தொல்காப்பியம்தான். நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்கள் எள்ளல் (இகழ்வது), இளமை, பேதைமை, மடன் என நான்கு என்கிறது. எள்ளலுக்கு உரை சொன்ன பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர், பிறரை எள்ளும்போதும் நகை பிறக்கும், பிறரால் எள்ளப்படும்போதும் பிறக்கும் என்கிறார். அந்தப் பையனின் சிரிப்பு இரண்டாவது வகை. அதைச் சம்மதம் என்று நினைத்துவிட்டார்கள்.

உங்கள் பிள்ளை இப்படி ஏதாவது சொன்னால், “பதிலுக்கு நீ என்ன சொன்னே?” என்று கேளுங்கள். திருப்பி ஒன்று விட்டதை உற்சாகமாகச் சொன்னால், சரி, அது கேலி. “சிரிச்சேன்” என்று மட்டும் சொன்னால் அன்றைக்கே வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அந்தப் பையன் வருகைப் பதிவின்போது “உள்ளேன்” என்று சொல்வதையே விட்டுவிட்டு, கையை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக என்று கேட்டேன். வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை.