கிரகணத்துக்கு ஒரு பதில் ராஜா

தம்கீ என்பவன் அக்காது நகரத்துக் கோயில் நிர்வாகியின் மகன். கி.மு. 671-ன் இறுதியில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அதையொட்டி அவனை அரியணையில் உட்கார வைத்தார்கள். அசீரியா, பாபிலோன் உட்பட எல்லா நாடுகளுக்கும் அவன்தான் அரசன் என்றார்கள். பக்கத்தில் ஓர் அரசியும் இருந்தாள். கொஞ்ச நாளில் இருவரையும் கொன்றுவிட்டார்கள்.

உண்மையான அரசர், அசீரியாவை ஆண்ட எசர்ஹத்தோன், அப்போது உயிரோடு, பத்திரமாக இருந்தார். பாபிலோனியாவில் அவருடைய கண்ணும் காதுமாக இருந்த மார் இஸ்ஸார் என்ற அதிகாரி களிமண் பலகையில் எழுதி அனுப்பிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அரசருக்குப் பதிலாக தம்கீ தன் விதியை நோக்கிப் போனான் என்கிறது கடிதம். இருவரையும் அலங்கரித்து, பார்வைக்கு வைத்து, புதைத்து, ஒப்பாரியும் வைத்தாயிற்று. நிமித்தங்கள் அத்தனையும் ரத்தாகிவிட்டன. பரிகாரங்களில் ஒரு குறையும் இல்லை. போகிற போக்கில் இன்னொரு வரியும் வருகிறது: அக்காது மக்கள் பயந்துபோனார்கள், தைரியம் சொன்னோம், அடங்கிவிட்டார்கள். வேலை முடிந்ததற்கு ஆபீசில் போடும் ரிப்போர்ட் மாதிரிதான் இருக்கிறது.

படிக்கும்போது இது வெறும் மூர்க்கம் என்று தோன்றும். மூர்க்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இதற்குள் ஒரு கறாரான தர்க்கம் ஓடுகிறது.

மெசபடோமியர்கள், அதாவது இன்றைய இராக் பகுதியில் வாழ்ந்த அசீரியர்களும் பாபிலோனியர்களும், கிரகணத்தை அரசனைக் கொல்லும் ஒரு விஷக்கதிராக நினைக்கவில்லை. அவர்களுக்கு அது ஓர் அறிவிப்பு. தேவர்கள் மேலே கூடித் தீர்ப்பு எழுதுகிறார்கள், அதை வானத்தில் ஒட்டுகிறார்கள், படிக்கத் தெரிந்தவன் படித்துக்கொள்ள வேண்டியது. படிப்பதற்கான கையேடுதான் ‘எனூமா அனு என்லில்’ என்ற தொகுப்பு. சுமார் 70 பலகைகள், ஆயிரக்கணக்கான நிமித்தங்கள். எல்லாம் ஒரே அச்சு: வானத்தில் இப்படி நடந்தால், பூமியில் இப்படி நடக்கும்.

சந்திர கிரகணத்துக்கு அதில் தனிப் பலகைகளே உண்டு. சந்திரனின் முகத்தை நாலாகப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் ஒரு நாட்டுக்கு ஒதுக்கியிருந்தார்கள்: அக்காது (இங்கே நகரமல்ல, பாபிலோனியா நாடு), கிழக்கே ஏலாம், மேற்கே அமுர்ரு, வடக்கே சுபர்த்து. நிழல் எந்தப் பாகத்தில் ஏறியது, எதிலிருந்து விலகியது, எந்த மாதம், எத்தனையாவது நாள், இரவின் எந்தச் சாமம், காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சாகப்போவது எந்த நாட்டு அரசன் என்று சொல்வார்கள். அந்த நேரத்தில் வியாழன் வானத்தில் தெரிந்தால் அரசன் தப்பித்தான். பெரிய அதிகாரி யாராவது அவனுக்குப் பதில் போய்ச் சேருவார். வியாழன் கண்ணில் படாமல், நிழலும் நம் நாட்டுப் பாகத்தில் விழுந்தால்தான் ஆபத்து.

சரி, தீர்ப்பு வந்துவிட்டது. அதை அழிக்க முடியாது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது? ‘அரசன் சாவான்.’ எசர்ஹத்தோன் சாவான் என்று இல்லை. இந்த இடுக்கில்தான் சடங்கு நுழைகிறது. அரசன் என்ற பதவியில் வேறொருவனை உட்கார வைத்துவிட்டால், தீர்ப்பு வார்த்தை பிசகாமல் நிறைவேறும், ஆளும் பிழைத்துக்கொள்வார். தேவர்களை ஏமாற்றுகிறோம் என்று அவர்கள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. சூரியதேவன் ஷமாஷ்தான் அவர்களுக்கு நீதிபதி. அவன் முன்னிலையில் முறைப்படி ஒரு பொறுப்பைக் கைமாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

கைமாற்றம் எப்படி நடந்தது என்பதையும் அரசவை அறிஞர்களின் கடிதங்களே சொல்கின்றன. பதில் ராஜாவுக்கும் அவன் அரசிக்கும் திராட்சை மது கொடுத்து, நீராட்டி, எண்ணெய் பூசுகிறார்கள். வானில் கண்டது, மண்ணில் கண்டது, அங்கக்கோணலாகப் பிறந்த குட்டிகள் என்று அதுவரை சேர்ந்த கெட்ட நிமித்தங்களை எல்லாம் எழுதி, ஒன்றுவிடாமல் ஷமாஷ் முன்னால் ஓதச் செய்கிறார்கள். அவற்றைப் பதில் ராஜா தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். ஒரு கடிதத்தில், ஏற்றுக்கொண்ட பிறகு அந்த ஆள் கத்துகிறான்: எந்த நிமித்தத்துக்காக என்னைப் பதில் ராஜா ஆக்கினீர்கள்? எழுதிய அறிஞர் அதையும் பதிவு செய்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

இந்தக் காலத்தில் நிஜ அரசர் ‘விவசாயி’ ஆகிவிடுவார். சும்மா பேச்சுக்கு இல்லை. அமைச்சர்களும் சோதிடர்களும் ‘என் எஜமானராகிய விவசாயிக்கு’ என்றே கடிதம் எழுதினார்கள். ஆட்சி வேலை அந்தக் கடிதங்கள் வழியாக வழக்கம்போல் நடந்தது. அரியணையில் இருந்தவனுக்குச் செங்கோல், சாப்பாடு, காவல் எல்லாம் உண்டு, அதிகாரம் மட்டும் கிடையாது. அதிகபட்சம் 100 நாள். பல சமயம் அத்தனை நாள் விடவும் மாட்டார்கள். முடிந்ததும் அவன் உட்கார்ந்த அரியணை, மேசை, ஆயுதம், செங்கோல் எல்லாவற்றையும் எரித்துவிடுவார்கள்.

பொதுவாக இதற்குக் கைதியையோ ஒன்றுமறியாத ஏழையையோதான் பிடிப்பார்கள். தம்கீ பெரிய இடத்துப் பிள்ளை. அசீரிய ஆட்சிமேல் புகைச்சல் இருந்த பாபிலோனியாவில் அப்படி ஒருவனைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குப் படவில்லை. சடங்குக்கும் அரசியலுக்கும் ஒரே கல்லாகப் பயன்பட்டிருக்கிறான்.

இந்த ஏற்பாட்டில் தோல்விக்கே இடமில்லை என்பதைக் கவனியுங்கள். அரசர் பிழைத்தால் சடங்கு பலித்தது. நிமித்தமும் பொய்க்கவில்லை, ஏனென்றால் ஓர் அரசன் செத்துத்தான் இருக்கிறான். கையேடு, சோதிடர், மந்திரவாதி மூவருக்கும் ஒரே நேரத்தில் நற்சான்று. நடுவில் அரசர் தானாகச் செத்தால்தான் சிக்கல். தெற்கு மெசபடோமியாவில் இருந்த இசின் நகரத்தின் பழைய அரசன் எர்ரா இமித்தி, என்லில் பானி என்ற தோட்டக்காரனைப் பதிலுக்கு உட்கார வைத்துவிட்டு, சூடான கஞ்சியைக் குடிக்கும்போது செத்துப்போனானாம். தோட்டக்காரன் அரியணையை விட்டு இறங்கவில்லை. கஞ்சிக் கதை கட்டுக்கதையாக இருக்கலாம், ஆனால் என்லில் பானி நிஜம். அரசர் பட்டியலில் அவனுக்கு 24 வருட ஆட்சி.

அலெக்சாந்தரும் இதில் மாட்டியிருக்கலாம். கி.மு. 323-ல் பாபிலோனில் யாரோ ஓர் ஆள் அவருடைய உடையையும் மகுடத்தையும் அணிந்து, அரியணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நிமித்தக்காரர்கள் சொன்னபடி அவனைக் கொன்றார்கள். கிரேக்கர்களுக்கு அது ஒரு கெட்ட சகுனம். பாபிலோனியப் பூசாரிகள் அவரைக் காப்பாற்றச் செய்த பழைய பரிகாரம்தான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதே வருடம் ஜூனில் அலெக்சாந்தர் இறந்துபோனார்.

அறிவியலுக்கு இதில் என்ன வேலை? ஒரு கிரகணம் ஓர் அரியணையையே காலி செய்யும் என்றால், அது எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள அரண்மனை எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கும். எசர்ஹத்தோனிடம் சம்பளம் வாங்கும் வானோக்கர்கள் பல நகரங்களில் இருந்தார்கள். தலைநகரில் மேகம் மறைத்தால் அசூர், பாபிலோன், நிப்பூர், உரூக், போர்சிப்பா என்று விசாரித்து உறுதி செய்யச் சொல்கிறது ஒரு கடிதம். இந்த மாதம் கிரகணம் வராது, அரசர் நிம்மதியாக இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லும் கடிதங்களும் உண்டு.

பௌர்ணமிதோறும் கிரகணம் வராததற்குக் காரணம், நிலவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதுதான். இரண்டு பாதைகளும் வெட்டும் புள்ளிகளுக்கு அருகில் பௌர்ணமி அமைந்தால் மட்டுமே நிழல் படும். அதனால் கிரகணத்துக்கு வாய்ப்புள்ள பருவம் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பௌர்ணமியிலிருந்து பௌர்ணமி 29.5306 நாள். வெட்டுப்புள்ளிக்கு நிலவு திரும்ப 27.2122 நாள். பூமிக்கு மிக அருகே திரும்ப 27.5546 நாள். இந்த மூன்றையும் முறையே 223, 242, 239 தடவை பெருக்கிப் பாருங்கள், மூன்றும் 6,585 நாளுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். அதாவது 18 வருடம் 11 நாள் கழித்து ஏறக்குறைய அதே கிரகணம் திரும்ப வருகிறது. இதைத்தான் இன்று சாரோஸ் சுழற்சி என்கிறோம். இதில் ஒரு வில்லங்கம், கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும் 8 மணி நேரம். அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடும். போன தடவை பாபிலோனின் நள்ளிரவில் தெரிந்தது இந்தத் தடவை பட்டப்பகலில் நடந்து, கண்ணில் படாமலே போய்விடும். ஒருவர் ஆயுளில் பார்த்ததை வைத்து இந்தச் சுழற்சியைப் பிடிக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த பதிவேடு வேண்டும்.

அந்தப் பதிவேடு பாபிலோனில் இருந்தது. கி.பி. 2-ம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தாலமி என்ற வானியலாளர் நிலவின் கணக்கைச் சரிபார்க்க எடுத்துக்கொண்ட மிகப் பழைய கிரகணம் கி.மு. 721 மார்ச் 19-ல் பாபிலோனில் பார்த்தது. நம் காலத்தில் அந்தக் களிமண் பலகைகளை வைத்துத்தான் பூமியின் சுழற்சி மெதுவாகி வருவதையும் அளக்கிறார்கள். ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்குச் சுமார் 1.8 மில்லிசெகண்ட் கூடுகிறது.

இந்தக் கணக்கின் ஓர் இழை நம் பக்கமும் வந்திருக்கிறது. நிலவு வேகமாகவும் மெதுவாகவும் நகரும் சுழற்சி ஒன்பது முறை முடிய 248 நாள் என்பது பாபிலோனியக் கணக்கில் உண்டு. நம் வாக்கியப் பஞ்சாங்கத்திலும் நிலவுக்கு 248 வாக்கியங்கள், நிலவின் இருப்பைச் சொல்லும் எண்களை எழுத்துகளில் பொதிந்துவைத்த சிறு தொடர்கள். 1825-ல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, தரையில் கிளிஞ்சல்களை அடுக்கி, அந்த வருடம் மே கடைசி இரவின் சந்திர கிரகணத்தை ஜான் வாரன் என்ற ஐரோப்பியருக்குக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகியது, நடுவில் 23, முடிவில் 52.